கட்டிமணிக்கு ஆயா கட்சி

2015 டிசம்பர் மழையில் அடையாறு கரை புரண்டபோது சைதாப்பேட்டை மாமா வீட்டில் கழுத்தளவு தண்ணீர். வடிந்ததும் மாமா, அத்தை, என் வயசுள்ள அவர்கள் பையன், மூவரும் செஞ்சிக்கு வந்துவிட்டார்கள். பையனின் மூட்டையில் சென்னையின் எஃப்.சி.யின் நீல பனியன் ஒன்று இருந்தது. ஆணியில் தொங்கியபடியே நனைந்ததால் வெள்ளம் நின்ற மட்டம் நெஞ்சுக்குக் குறுக்கே பழுப்புக் கோடாகப் படிந்திருந்தது. ஆயா என்ன கும்மியும் போகவில்லை.

எங்கள் தெருவில் அதுவரை கிரிக்கெட், விட்டால் கபடி. புட்பால் பைத்தியம் அவனோடுதான் வந்து இறங்கியது. "எங்க டீமும் எங்கள மாதிரிதான்டா, ஊர விட்டுப் போயி ஆடுறாங்க" என்பான். உண்மைதான். சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டத்தை வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்ததில் ஃபைனல் வாய்த்தது. டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, எதிராளி கோவாவின் சொந்த மைதானமான ஃபடோர்டாவில்.

அடுத்த தெரு பி.டி. மாஸ்டரும் பார்க்க வந்தார். அவர் கோவா பக்கம், காரணம் அதன் பயிற்சியாளர் சீக்கோ. பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர் 1991இல் ஜப்பானில் காஷிமா என்கிற சின்ன ஊருக்கு, இரும்பாலை டீமுக்கு ஆடப் போன கதையை ஆரம்பித்தார். 1993இல் ஜே லீக் தொடங்கியதும் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். அந்த சீசனின் சாம்பியன் யாரென்று முடிவாகும் ஆட்டத்தில் வெர்டி கவாசாகிக்கு பெனால்ட்டி கொடுத்தார்களாம். சீக்கோ நேராகப் போய் வைத்திருந்த பந்தின் மேல் துப்பிவிட்டு ரெட் கார்டு வாங்கினாராம். மாஸ்டர் இதை ஏதோ வீரச்செயல் மாதிரி சொன்னார். சென்னை பயிற்சியாளர் மத்தரட்ஸி 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிதானிடம் முட்டு வாங்கியவர். "துப்புனவருக்கும் முட்டு வாங்குனவருக்கும் சண்டையா! சரிதான்" என்றார் மாமா.

முதல் பாதியில் கோல் இல்லை. வறுத்த மல்லாட்டைதான் தீர்ந்தது.

54ஆவது நிமிஷம் சென்னைக்கு பெனால்ட்டி. புரூனோ உதைத்ததை கோவா கோலி லட்சுமிகாந்த் கட்டிமணி பாய்ந்து தடுத்தார். தெறித்து வந்ததை புரூனோவே மறுபடி உள்ளே தள்ளினார். நாலே நிமிஷத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். உடனே இன்னொரு பெனால்ட்டி. அந்த சீசனில் எல்லாரையும்விட அதிகமாக, 13 கோல் போட்ட மெண்டோசா அடித்தும் கட்டிமணி விடவில்லை. "யாருடா இந்தப் பையன், மதிலு கணக்கா நிக்கிறான்" என்று ஆயா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 87இல் ஜோஃப்ரேவின் ஃப்ரீ கிக் கோலானதும் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்ட, மாமா பையன் பனியனை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டான்.

90ஆவது நிமிஷம், வெளியே தட்டப் போன பந்து கட்டிமணி கையில் பட்டே வலைக்குள் போனது. 2-2. நாங்கள் கத்தி முடிப்பதற்குள் மெண்டோசா இன்னொன்று போட்டார். 3-2. கோப்பை சென்னைக்கு.

"நிறுத்துங்கடா, அந்தப் பையன் மூஞ்சியப் பாருங்க" என்று ஆயா அதட்டியது. ஆயா வளர்ந்தது தேசிங்கு ராஜன் கதை கேட்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தவன்தான் இன்றைக்கும் எங்கள் ஊரில் ராஜா. ஜெயித்த நவாபின் பேரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஆயா அடுக்களைக்குப் போய் மிச்சமிருந்த மல்லாட்டையை எடுத்துவந்து, எங்களைத் தாண்டிப் போய் மாஸ்டர் கையில் கொடுத்தது.

"அந்த செல்ஃப் கோல் மட்டும் விழலன்னா கப்பு சீக்கோவுக்குத்தான்" என்றார் அவர், மென்றுகொண்டே. "அப்ப மெண்டோசா விட்ட பெனால்ட்டிய எந்தக் கணக்குல சேக்குறது சார்?" என்றார் மாமா. தோசை ஆறிப்போவுது என்று அத்தை உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருக்க, இருவரும் வாசலில் செருப்பை மாட்டியபடி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.