கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம்

கல்லூரி உளவியல் ஆய்வகம். நீள மேசையின் மேல் நிமிர்த்தி வைத்த கண்ணாடி. அதன் முன்னே கையை மறைக்கும் தடுப்புப் பலகை. பலகைக்குப் பின்னால், இரட்டைக் கோட்டில் நட்சத்திரம் அச்சிட்ட தாள். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் இன்று ‘சப்ஜெக்ட்’. எதிரே ஸ்டாப்வாட்சோடு அவளுடைய தோழி.

“உங்க கையைப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில தெரியற நட்சத்திரத்தை மட்டும் பார்த்து, கோட்டைத் தொடாம சுத்தி வாங்க.”

காலையில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆனாலும் ‘வாங்க’தான். யார் வந்து உட்கார்ந்தாலும் குறிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

முதல் முறை இடது கை. முதல் மூலையிலேயே பென்சில் முட்டி நிற்கிறது. கீழே இழுக்கிறாள், கண்ணாடியில் மேலே போகிறது. நெற்றியில் வியர்வை.

“என்னடி இது, கை வரவே மாட்டேங்குது!”

தோழி சிரிக்கவில்லை, உதவவும் இல்லை. சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுகிறாள். எத்தனை விநாடி, எத்தனை இடத்தில் கோடு தொட்டது, எல்லாம் ஏறுகிறது. அடுத்து வலது கையால் பலமுறை. கடைசியில் மறுபடி இடது கை. நடுவில் ஒரு தடவைகூடப் பழகாத அந்தக் கை, இப்போது தயங்காமல் மூலை திரும்புகிறது.

இதே நட்சத்திரத்தைத்தான் உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஓர் அமெரிக்க நோயாளியின் முன் வைத்தார். வலிப்புக்காக 1953இல் நடந்த மூளை அறுவையில், புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனையே இழந்தவர் ஹென்றி மொலைசன். மூன்று நாள் வரைந்தார். நேற்று வரைந்தது மறுநாள் அவருக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. நினைவு என்பது ஒரே சரக்கு அல்ல என்று உலகம் அறிந்துகொண்டது அந்தத் தாளில். பள்ளிப் பிள்ளைகள் வரையக்கூடிய படம்தான் அது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அலமாரியில் மற்ற பாடங்கள் காத்திருக்கின்றன. சமமான இரு கோடுகளைச் சமமில்லாதவையாகக் காட்டும் முல்லர்-லையர் பலகை, புலன்காட்சிக்கு. எபிங்ஹாஸின் பொருளற்ற அசைகள், மறதிக்கு. குழந்தை வளர்ச்சிக்குப் பியாஜே. கூட்டத்துக்குப் பணியும் மனத்துக்கு ஆஷ். பிறழ்நிலை உளவியல் புத்தகம்தான் அதிகம் கசங்கியிருக்கிறது. எல்லோரும் முதலில் புரட்டுவது அதைத்தான் போலும்.

தோழிகள் இடம் மாறுகிறார்கள். பென்சில் பிடித்தவள் இப்போது ஸ்டாப்வாட்சை எடுக்கிறாள். அவள் குரலும் ‘வாங்க’ என்கிறது.

1879இல் லைப்சிக்கில் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கியபோதும், 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை பிறந்தபோதும் இந்தப் படிப்பின் அடித்தளம் இதுதான்: பார், அள, உள்ளபடி எழுது. தோழியின் தவிப்பைக்கூடத் திருத்தாமல் எழுதப் பழகியவளிடம்தான் நாளை ஒருவர் தம் துயரத்தை நம்பிச் சொல்ல முடியும்.

அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. பி.எஸ்ஸி. உளவியல் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது; மேற்படிப்பும், மருத்துவமனைப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். உங்கள் வீட்டில் உளவியல் படிக்கும் பெண் இருந்தால், “என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்க்கலாம்” என்று கேட்காதீர்கள். இன்று எதை அளந்தாய் என்று கேளுங்கள்.