பராமரிப்பவர் பட்டியல்

லினக்ஸ் கெர்னலை நம் கையால் கட்டமைக்க உட்கார்ந்தால் அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மூன்றே பதில்கள். 'ஒய்' என்றால் உள்ளேயே சேர்த்துக்கொள். 'என்' என்றால் வேண்டாம். 'எம்' என்றால் மாட்யூலாகத் தனியே இருக்கட்டும், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இத்தனைக்கும் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: இது எந்தப் புராசஸரில் ஓடப்போகிறது? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மற்ற கேள்விகளே வரும்.

கெர்னல் என்பது நாம் பார்க்கும் திரைக்கும் செயலிகளுக்கும் அடியில் கிடக்கும் அடுக்கு. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், புராசஸர் அடுத்த சில மில்லிசெகண்ட் யாருக்கு, எஸ்டி கார்டிலிருந்து எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்.

புராசஸர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளைத் தொகுப்பு உண்டு. மடிக்கணினியின் இன்டெல் சிப்புக்குப் புரியும் கட்டளை கைப்பேசியின் ஆர்ம் சிப்புக்கு வெறும் குப்பை. கெர்னலின் மூல நிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி எல்லாருக்கும் பொது. ஆனால் மின்சாரம் வந்ததும் முதல் அடி எப்படி எடுத்து வைப்பது, ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது, நினைவகத்தை எப்படிப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது என்கிற அடிமட்ட வேலைகள் ஆர்க்கிடெக்சருக்கு ஆர்க்கிடெக்சர் மாறும். அவை 'ஆர்ச்' என்ற ஒரே அடைவுக்குள் சுமார் இருபது துணை அடைவுகளாக இருக்கின்றன. லினக்ஸ் ஓடத் தெரிந்த ஊர்களின் பட்டியல் என்று அதைச் சொல்லலாம்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் ஒரே ஊர்தான்: இன்டெல் 386. வேறு எதிலும் இது ஓடாது என்றுதான் அவரே அறிவித்திருந்தார். நான்கு வருடம் கழித்து, 1995இல், ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் மூன்றும் உள்ளே வந்துவிட்டன.

நான் கட்டமைத்தது ரிஸ்க்-ஃபைவ் ஆர்க்கிடெக்சருக்கு. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. உரிமக் கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்; இந்தக் கட்டளைத் தொகுப்பின்படி யார் வேண்டுமானாலும் சிப் செய்துகொள்ளலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு இதை எடுத்துக்கொண்டுதான் 'சக்தி' புராசஸர்களை உருவாக்கியது. 2018இல் அவர்களுடைய சிப் ஒன்று இன்டெலின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டரில் தயாராகி லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அதே வருடம் இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரில் தயாரானது. லினக்ஸின் 'ஆர்ச்' அடைவுக்குள் ரிஸ்க்-ஃபைவ் நுழைந்ததும் 2018 ஜனவரியில்தான், 4.15ஆம் பதிப்பில்.

என் கையில் இருப்பது சக்தி இல்லை. கடையில் வாங்கக் கிடைக்கிற விஷன்ஃபைவ் 2 போர்டு. உள்ளங்கை அளவு, நான்கு கோர். பாட்டியின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளைச் சேமித்து வைக்க வீட்டில் ஒரு சின்ன சர்வர் வேண்டும் என்பது காரணம். அதற்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை, மேகத்தில் போட்டால் முடிந்தது. ஆனால் வேலையில் நாள் முழுக்க யாரோ கட்டமைத்துக் கொடுத்ததன் மேல் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவனுக்கு, ஒரு தடவையாவது அடிவரை இறங்கிப் பார்க்கும் ஆசை இருக்கும்.

இந்த மாதிரி போர்டுகளில் கெர்னலின் முதல் வார்த்தைகள் பெரும்பாலும் திரைக்கு வராது. சீரியல் கேபிள் வழியாகத்தான் வரும். அதை வாங்கச் சிம் லிம் டவருக்குப் போனேன். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்தே போய்விடலாம். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரைத்தான் எல்லாருக்கும் தெரியும். டவரில் இன்னும் ரெசிஸ்டரையும் ஒயரையும் சில்லறையாக விற்கிறார்கள். கேபிளில் மூன்று ஒயர் போதும். ஒன்று கிரவுண்ட். மற்ற இரண்டையும் மாற்றிக் குறுக்காக இணைக்க வேண்டும்: இவன் பேசுவது அவன் காதுக்கு, அவன் பேசுவது இவன் காதுக்கு.

கட்டமைப்பை யாரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் 'டெஃப்கான்ஃபிக்' என்ற இயல்புநிலைப் பதில்தாள் கூடவே வருகிறது. நீ யார், உன்னிடம் எந்த போர்டு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் பொதுவில் கிடைக்கிற எல்லாவற்றுக்கும் கூடியவரை சரி என்று சொல்லி வைத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு, என்னிடம் இல்லாத சிப்புகளை, நான் சொருகப்போகாத கார்டுகளை ஒவ்வொன்றாக 'என்' என்று மாற்றிக்கொண்டு போனேன். இரண்டு வார இறுதிகள் ஆயின.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார். "என்னடா இது, பரீட்சையா? டிக் போட்டுக்கிட்டே இருக்க?"

கெர்னலைத் தமிழில் விளக்குவது எனக்கு முதல் அனுபவம். "இல்ல பாட்டி, இந்தச் சின்ன மிஷினுக்கு என்னென்ன தேவையோ அத மட்டும் வச்சிட்டு மிச்சத்த எடுக்குறேன்."

"அப்ப வீடு மாத்துற மாதிரின்னு சொல்லு. செம்பவாங்ல இருந்து புளோக்குக்கு வந்தப்ப அம்மிய எடுத்துக்கிட்டோம், உரல விட்டுட்டோம். பதினோராவது மாடியில உரல் இடிச்சா கீழ்வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?"

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளக் குடியிருப்பில் தரையில் நின்ற உரலுக்கு அடுக்குமாடியில் இடமில்லை. உரல் மேல் ஒரு குறையும் இல்லை; புது ஆர்க்கிடெக்சர் அதைத் தாங்காது, அவ்வளவுதான். நான் அரைமணி நேரம் விளக்க நினைத்ததைப் பாட்டி ஒரு உரலில் முடித்துவிட்டார்.

கட்டமைப்பில் மிகவும் யோசிக்க வைக்கும் இடம் 'ஒய்'க்கும் 'எம்'முக்கும் நடுவில் இருக்கிறது. மாட்யூல் சிக்கனமானது, கேமராவைச் சொருகினால் ஏறும், வேண்டாதபோது இறக்கிவிடலாம். ஆனால் மாட்யூல்கள் எஸ்டி கார்டில் கோப்புகளாக இருக்கின்றன. எஸ்டி கார்டைப் படிக்கும் டிரைவரையே மாட்யூலாக அந்தக் கார்டில் வைத்தால், அதை எடுக்கவே அது வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். அந்த நிலையில் கெர்னல் மூலக் கோப்பமைப்பைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். தொடக்கத்திலேயே தேவைப்படுவது உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது வேறு யாராவது அதை முன்கூட்டியே கையில் கொடுக்க வேண்டும்.

பிறகு தொகுப்பது. என் மடிக்கணினி இன்டெல்; அது ரிஸ்க்-ஃபைவுக்கான கெர்னலைத் தயாரித்துக் கொடுத்தது. தான் தயாரித்ததைத் தன்னால் ஓட்ட முடியாது. இதற்கு கிராஸ்-கம்பைல் என்று பெயர். கெர்னலோடு 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பும் போக வேண்டும். நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, சீரியல் போர்ட் எங்கே, கடிகாரம் எங்கே என்று போர்டைப் பற்றிய விவரமெல்லாம் அதில் இருக்கும். புது ஊருக்கு வருகிறவன் கையில் கொடுத்தனுப்பும் முகவரிச் சீட்டு.

பூட் ஆனது. கருப்புத் திரையில் வரிகள் ஓடின, கடைசியில் லாகின் வந்தது. முதல் வேலையாக 'பாட்டி' என்று தமிழிலேயே ஓர் அடைவு உருவாக்கினேன். கெர்னலுக்குத் தமிழ் தெரியாது. அதற்கு அது 18 பைட்; யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், 'பாட்டி'யில் ஆறு குறிகள். என்னவென்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது.

•

அதன் பிறகுதான் 'ஆர்ச்' அடைவின் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எது உள்ளே வந்தது என்பதைவிட எது வெளியே போனது என்பது சுவாரசியமாக இருந்தது.

லினக்ஸ் பிறந்த 386க்கான ஆதரவே 2013இல் 3.8ஆம் பதிப்போடு போய்விட்டது. டோர்வால்ட்ஸ் அதற்காக வருத்தப்படவும் இல்லை. 2018இல் 4.17ஆம் பதிப்பில் ஒரே மூச்சில் எட்டு ஆர்க்கிடெக்சர்களை எடுத்தார்கள். ஹெச்8/300 என்று ஒன்று 2013இல் நீக்கப்பட்டு, 2015இல் திரும்பி வந்து, 2022இல் மறுபடியும் போனது. எல்லாவற்றையும்விட இட்டானியத்தின் கதை. இன்டெலும் ஹெச்பியும் சேர்ந்து, எதிர்காலமே இதுதான் என்று பெரும் பணம் கொட்டி 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2021இல் அதன் விநியோகம் நின்றது. 2024 ஜனவரியில் வெளியான 6.7ஆம் பதிப்பில் அது இல்லை.

அதே அடைவில் எம்68கே இன்னும் இருக்கிறது. மோட்டரோலா 1979இல் வெளியிட்ட 68000 குடும்பம்; பழைய அமிகா, அட்டாரி கணினிகளில் இருந்தது. அதன் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த கேர்ட் ஆய்டர்ஹூவன் போன்றவர்கள் பல வருடங்களாக அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். புதிய கெர்னல் வந்தால் பழைய மிஷினில் ஏற்றிப் பார்க்கிறார்கள். உடைந்தால் சரிசெய்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

கெர்னலில் பராமரிப்பவர்களின் பட்டியல் ஒன்று கோப்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறித்திருப்பார்கள். 'சப்போர்ட்டட்' என்றால், பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறது. 'மெயின்டெயின்ட்' என்றால், ஒருவர் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறார். 'ஆட் ஃபிக்ஸஸ்' என்றால், அவ்வப்போது ஏதோ செய்வார், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 'ஆர்ஃபன்' என்றால் அநாதை. இட்டானியத்தை 2021இலேயே அநாதை என்று குறித்துவிட்டார்கள். நீக்கப்போகும் நேரத்தில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெளியே ஒரு வருடம் ஒழுங்காகப் பராமரித்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்பதுதான் டோர்வால்ட்ஸின் பதில்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஊர் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் உண்டு, நாடாளுமன்றத்தில் பேசலாம், 1935 முதல் தமிழ் முரசு வருகிறது, ஏப்ரலில் தமிழ் மொழி விழா. சந்தேகமே இல்லாமல் 'சப்போர்ட்டட்'. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. அதே பத்து ஆண்டுகளில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 ஆனது. சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதும், தினமும் பூட் செய்து பார்க்க ஆள் இருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று இந்த எண்கள் சொல்கின்றன.

இதே ஊரில் தமிழை ஒருவர் புது ஆர்க்கிடெக்சருக்குக் கொண்டுபோன கதையும் உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்தார். அன்றைக்கு வலைப்பக்கத்தில் தமிழைக் காட்ட ஒப்புக்கொண்ட ஒரு வழியே கிடையாது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி எழுத்துருவுக்காக உழைத்தார். தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் இருவரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களில் அவை சேர்கின்றன. 1999இல் கோவிந்தசாமி இறந்தார். இன்று தமிழில் தட்டும்போது அந்த வேலை நமக்குத் தெரிவதில்லை. அடியில் கிடக்கும் எதுவும் ஒழுங்காக ஓடும்வரை தெரியாது.

மொழியும் கெர்னலும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். மொழியை யாரும் பட்டியலில் 'என்' போட்டு நீக்குவதில்லை. ஆனால் என் தலைமுறையில் பலருக்குத் தமிழ் ஒரு மாட்யூல். தேக்காவுக்குள் நுழைந்தால் ஏறும், ரயில் ஏறினால் இறங்கிவிடும். எனக்கும் அக்காவுக்கும் அதை ஏற்றிவிடுகிறவர் பாட்டி. அவருக்கு இப்போது எண்பத்து நான்கு. அக்கா மகன் ஆறு வயது; பாட்டி தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். புரிகிறது, பதில் வருகிறது, ஒரு பக்கத்து ஒயர் மட்டும் வேலை செய்யவில்லை.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனைப் பாட்டிக்கு ஒரு குரல் பதிவு அனுப்ப வைக்கிறேன். தமிழில் ஒரு நிமிடம். போன வாரம் அவனிடம் உரல் என்றால் என்ன என்று விளக்கினேன். "அத ஏன் பாட்டி விட்டுட்டு வந்தாங்க?" என்று கேட்டான்; கேள்வி தமிழிலேயே வந்தது. அதையே பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். பதிலுக்குப் பாட்டி நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். இரண்டு கோப்புகளும் அந்த 18 பைட் அடைவுக்குள் இருக்கின்றன.

என் நிலை இப்போதைக்கு 'ஆட் ஃபிக்ஸஸ்'. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. கெர்னலிலும் அநேகமாக அப்படித்தான்: பெயர் பட்டியலில் ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த ஆள் வேலையை ஆரம்பித்திருப்பார்.