மூடிய வானம், திறக்கும் நேரம்

2023 அக்டோபர் 21 அன்று, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டரை என்றார்கள், பிறகு எட்டே முக்கால் என்றார்கள். ஐந்து விநாடி மிச்சமிருக்கையில் கணினி தானாகவே நிறுத்திவிட்டது. பத்து மணிக்குத்தான் பறந்தது. தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அது பரபரப்பான காலை. தெற்கே சென்னையில் ரேடார் திரை முன் இருக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கு, இதுபோன்ற காலைகளில் ஒரே கவலைதான்: மூடிய வானத்தை எப்போது திறப்பது?

மூடுவது சுலபம். பல நாள் முன்பே நோட்டாம் எனப்படும் அறிவிப்பு வந்துவிடும். ஏவுதளத்தைச் சுற்றி 10 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்கப்பால், எரிந்து முடிந்த அடுக்குகள் விழக்கூடிய கடற்பரப்பின்மேல் இன்னும் சில பகுதிகள். எந்தெந்த விமானப் பாதைகள் அந்த நேரத்தில் கிடையாது என்ற பட்டியல். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கு ஒதுக்கிய வானத்துக்கு உச்ச உயரம் ஒன்று இருக்கும். அதற்குமேல் பறந்து கடந்துவிடலாம். ராக்கெட்டுக்கு ஒதுக்கிய வானத்துக்கு அப்படிக் கூரை கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டுக்குச் சொந்த வானம். அங்கே தடை விதிக்கலாம், கட்டுப்பாடு விதிக்கலாம். அதைத் தாண்டினால் சர்வதேச வானம். ‘இங்கே அபாயம்’ என்று எச்சரிக்க மட்டுமே முடியும். ராக்கெட் பாதையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட இடம்தான். சட்டத்துக்கு அது வெறும் எச்சரிக்கை. கட்டுப்பாட்டாளருக்கு அது சுவர்.

தேதியிலும் வழுக்கும். நோட்டாமில் நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சந்திரயான்-2க்கு முதலில் குறித்த நேரம் 2019 ஜூலை 15 அதிகாலை 2.51. உலகப் பொது நேரத்தில் அது ஜூலை 14 இரவு 9.21. செய்தித்தாளில் ஒரு தேதி, அறிவிப்பில் முந்தைய நாள். பணி மாறும்போது வருகிறவரும் போகிறவரும் இரண்டு நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதே நல்லது. மனக்கணக்கை நம்பக் கூடாது. சந்திரயான்-2 ஏவுதலும் 56 நிமிடம் மிச்சமிருக்கையில் நின்றுபோய், ஒரு வாரம் கழித்துத்தான் நடந்தது.

உண்மையான கைத்திறன் தூரத்தில் இருக்கிறது. நடுவானில் ஒரு ஜெட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கடல் மைல் போகும். தடுப்புக்கு 150 மைல் முன்னால் 10 டிகிரி திருப்பினால் 26 மைல் விலகல் கிடைக்கும். பயணம் கூடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதே விலகலை 30 மைல் தூரத்தில் கேட்டால் 40 டிகிரிக்குமேல் திருப்ப வேண்டும். இரண்டரை நிமிடம் போய்விடும். விமானிக்கும் எரிச்சல், எரிபொருளும் வீண்.

இவ்வளவும் தெளிந்த வானில். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல்மேல் இடிமேகங்கள் திரண்டு நிற்கும்போது, விமானிகள் ஒருவர் பின் ஒருவராக விலகிப் போக அனுமதி கேட்பார்கள். மேகத்தில் இடைவெளி மூடிய பகுதியின் பக்கமே இருந்துவிட்டால் என்ன செய்வது? விமானியின் ரேடாரில் மேகம் தெரியும், எல்லைக்கோடு தெரியாது. கட்டுப்பாட்டாளர் திரையில் கோடு துல்லியமாக இருக்கும், மேகம் அந்த அளவுக்குத் தெரியாது. ஒருவர் பார்ப்பதை மற்றவருக்கு இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மறுபக்கம் திருப்ப இடமில்லாவிட்டால், அந்த விமானத்தை முன்கூட்டியே பின்தங்க வைப்பதுதான் வழி.

கோட்டை வரைந்தவருக்கு என்ன தெரியும் என்பது வேறு விஷயம். 2014 ஜூலையில், போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரைனில் 32,000 அடி வரை வானத்தை மூடினார்கள். ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 வந்த உயரம் 33,000 அடி. விதிப்படி திறந்த வானம். ஏவுகணை தாக்கி 298 பேரும் இறந்தார்கள். வானம் முழுதாக மூடப்படும் முன் அன்று மட்டும் 160 பயணிகள் விமானங்கள் அந்தப் பகுதியைக் கடந்திருந்தன. ஆயிரம் அடி மேலே இருந்தால் போதும் என்ற முடிவு எந்த ரேடார் மேசையிலும் எடுக்கப்பட்டதல்ல.

கோட்டை வரைவது கட்டுப்பாட்டாளர் கையில் இல்லை; ஆகவேதான் திறப்பதில் அவருக்குக் கறார் வேண்டும். ராக்கெட் வெற்றி என்று தொலைக்காட்சி சொன்னாலும், பகுதியை விடுவிக்கும் முறையான செய்தி வரும்வரை ஒரு விமானத்தையும் உள்ளே விடக் கூடாது.

அடுத்த ஏவுதளம் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம், எரிபொருள் மிச்சம். வானத்தை மூடும் வேலையோ குறையாது. அங்கே கொழும்பு, மாலத்தீவு வான்பகுதிகள் பக்கத்து வீடுகள்.