நான் எழுதிக்கொடுத்த பாவங்கள்

காயல்பட்டினத்தை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவள் நான். பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்வதும் என் பொறுப்பு. அதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்: பத்து, பதினொரு வயசுப் பிள்ளைகளுக்குப் பாவங்களை நானே எழுதிக்கொடுத்தேன்.

பொய் சொன்னேன், அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, தம்பி தங்கச்சியோடு சண்டை போட்டேன், பூசையில் பராக்குப் பார்த்தேன். இவ்வளவுதான், மனப்பாடம். சாமியார் முன்னால் பிள்ளைகள் முழித்தால் டீச்சர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பேர் வருமே என்ற பயம் எனக்கு. அவர்கள் ஆத்துமத்தைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான்.

ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எனக்குத் தம்பி தங்கச்சியே கிடையாதே, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டான். "சும்மா சேர்த்துச் சொல்லுல" என்றேன். உண்மை பேசப் போகிற இடத்துக்கே பொய்யைக் கொடுத்தனுப்பினேன்.

வகுப்பு முடிந்ததும் அவனே வந்து நின்றான். காயல்பட்டினத்துக் கடையில் கடைக்காரர் மீதிக் காசைத் தவறிக் கூடக் கொடுத்திருக்கிறார். இவன் பேசாமல் வாங்கி வந்துவிட்டான். "அது பாவமா டீச்சர்?" அவன் மனசை உறுத்திய பாவம் அது. என் பட்டியலில் இல்லை. நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

மனசாட்சியைச் சோதித்துப் பார்ப்பது இந்தக் கரைக்குப் புதுப் பாடமும் இல்லை. பக்கத்துப் புன்னைக்காயலில் உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் ஒரு கையேடு எழுதி 1580இல் கொச்சியில் அச்சிட்டார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறி அப்போது இரண்டே வருஷம். தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த கையோடு, மனசாட்சியைச் சோதிக்க இந்தக் கரை மக்களுக்குப் புத்தகம் கிடைத்துவிட்டது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று ஞானோபதேசம் சொல்கிறது: பாவத்தை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் அபராதத்தை நிறைவேற்றுவது. என் பட்டியல் முதல் மூன்றுக்கும் வேலையில்லாமல் செய்துவிட்டது. அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த சக்கேயுவின் கதையை அதே வகுப்பில் நடத்தியவளும் நான்தான்.

இன்னொன்றையும் ஒளிக்கவில்லை. சின்ன வயசிலிருந்து நானும் ஏறக்குறைய அதே பட்டியலைத்தான் ஒப்பித்து வருகிறேன். நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது அதில் ஒருநாளும் வந்ததில்லை. தனக்குத் தெரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம், "நான் சொன்னது தப்பு, மன்னிச்சிரு. காசைக் கொண்டுபோய்க் கொடுத்திரு" என்றேன். "அது அன்னைக்கே கொடுத்தாச்சு டீச்சர்" என்றான்.

மறைக்கல்வி நடத்துகிற மற்றவர்களுக்கு என் வேண்டுகோள்: பத்துக் கற்பனைகளை விளக்குங்கள், கேள்வி கேட்டு யோசிக்க வையுங்கள். பாவத்தை மட்டும் எழுதிக்கொடுக்காதீர்கள். பிள்ளை முழித்தால் முழிக்கட்டும், சாமியார் காத்திருப்பார்.