பூனையும் ஓர் அமானிதமே



ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் நரகத் தண்டனைக்கு உள்ளானாள் என்னும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. பூமியில் திரியும் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ள அதனை விடவும் இல்லை. மதரஸாவில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். "இப்படியும் ஒருத்தி இருப்பாளா, ஹஜ்ரத்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவனாவது கேட்பான். அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே எழும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்போர் பூனையை எளிதில் விரட்டமாட்டார்கள். ஓர் இரவில் எலி பட்டுப் பாவைக் கடித்துவிட்டால் பல நாள் உழைப்பு பாழாகிவிடும். எங்கள் தெருமுனையில் உள்ள நெசவாளர் வீட்டில் பூனை குட்டி ஈன்றபோது, "ஒண்ணு எடுத்துக்குங்க, பாய்" என்று அவர் என் மகளிடம் ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கொடுத்தனுப்பினார். மகள் அதற்கு மின்னு என்று பெயரிட்டாள். நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. தெருவில் நாய்கள் அதிகம். ஆகவே கதவைச் சாத்தியே அதனை வளர்த்தோம்.

தொடக்கத்தில் பால்சோறும் தயிர்ச்சோறுமே கொடுத்தோம். பிறகு எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பூனைக்குப் பச்சை இறைச்சியே இயற்கையான உணவு என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அல்லாஹ் அதனை ஊனுண்ணியாகப் படைத்திருக்க, நாம் ஏன் சோறு போடவேண்டும்? அன்றுமுதல் கறிக்கடையில் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் ஈரலும் வாங்கிப் பச்சையாகவே கொடுத்தேன். அது ஆவலோடு தின்றது, உடல் மினுமினுத்தது. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நண்பர்களிடம் இதனைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழிந்தன. மின்னு தாவுவதை நிறுத்தியது. தூக்கினால் கத்தியது. ஒருநாள் நாற்காலியிலிருந்து இறங்கியதும் பின்னங்காலை ஊன்ற இயலாமல் சுருண்டு படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்புகள் மங்கலாக, மெலிந்து தெரிந்தன. அவ்வளவு சிறிய உயரத்திலிருந்து இறங்கியதற்கே கால் எலும்பு முறிந்திருந்தது.

"என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாக விளக்கினார். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. கால்சியம் மிகவும் குறைவு. ஈரலிலும் அப்படியே. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதனைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வளரும் குட்டிக்குச் சில வாரங்களிலேயே எலும்பு நொய்ந்துவிடும். "பூனை எலியைப் பிடித்தால் சதையை மட்டுமா தின்கிறது? எலும்பு, குடல், ஈரல் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே தின்கிறது" என்றார்.

அந்தச் சொல் என்னை உலுக்கியது. நபிமொழியில் வரும் பூமியின் சிற்றுயிர்கள் என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அல்லாஹ் அதற்கு வகுத்த உணவு முழு உயிர்; நான் கொடுத்ததோ அதில் ஒரு துண்டு.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அத்தா, நாமளும் அந்தப் பொம்பள மாதிரியா?"

உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. "நாம் பட்டினி போடவில்லை, அம்மா. ஆனால் கதவைச் சாத்தியது நாம்தான். தானே தேடித் தின்னும் வழியை அடைத்துவிட்டால், அதற்கு என்ன தேவை என்று அறிந்துகொள்வதும் நம் கடமையாகிறது. அதில் தவறிவிட்டோம்" என்றேன். அறியாததை அறிந்தோரிடம் கேட்கவேண்டும் என்னும் இறைக்கட்டளையை (16:43) எத்தனை முறை விளக்கியிருப்பேன்! நல்ல நிய்யத் இருந்தது, அறிவைத் தேடவில்லை.

பழைய பால்சோற்றுக்குத் திரும்புவதும் தீர்வன்று. டாரின் என்னும் சத்து பூனைக்கு இன்றியமையாதது. அது சோற்றில் இல்லை, ஊனுணவில்தான் உண்டு. அது குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பதை 1987-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பச்சை மீனும் தினசரி உணவாகாது. சிலவகை மீன்களில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும்.

பச்சை இறைச்சியில் வேறோர் அச்சமும் உண்டு. அதிலுள்ள சால்மொனெல்லா கிருமி பூனையின் தட்டு வழியாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பரவலாம்; குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் அது முற்றாகச் சாவதில்லை. 2023-இல் போலந்து நாட்டில் பறவைக் காய்ச்சலால் பூனைகள் பல இறந்தபோது, பச்சைக் கோழி இறைச்சி மீதும் ஐயம் எழுந்தது. 2025 தொடக்கத்தில் நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது.

சிலர் கேட்கலாம்: அபூ கதாதா (ரலி) அவர்கள் பூனை குடிப்பதற்காக உளூ நீர்ப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள் அல்லவா என்று. ஆம், பூனை அசுத்தமன்று என்பதற்கு அபூ தாவூத், திர்மிதி நூல்களில் உள்ள அச்செய்தியே ஆதாரம். ஆனால் அது மார்க்கத் தூய்மை பற்றிய சட்டம். கிருமியிலிருந்து குடும்பத்தைக் காப்பது வேறு கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடலாகாது.

இப்போது மின்னுவுக்கு மருத்துவர் சொன்னபடி முழுச்சத்துள்ள பூனை உணவையே கொடுக்கிறோம். ஒரே நாளில் மாற்றவில்லை; பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாட்களில் மாற்றினோம். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடுவது ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்; சில நாட்கள் உண்ணாவிட்டாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே தீங்காகலாம். பச்சை உணவுதான் கொடுக்கவேண்டும் என எண்ணுவோர், கால்நடை மருத்துவரிடம் அளவும் சேர்மானமும் கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள். என்னைப் போல் கறிக்கடையிலிருந்து தொடங்காதீர்கள்.

அல்ஹம்துலில்லாஹ், எலும்பு கூடிவிட்டது. ஆயினும் மின்னு நடக்கையில் இலேசாகச் சாய்கிறது. இந்த ஆண்டும் மாணவன் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டான். இம்முறை நான் மின்னுவின் கதையைச் சொன்னேன்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் உரிமையையும் அறிந்து நிறைவேற்ற அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.