பே ஏரியின் தென்கரை

புளோரிடாவிலுள்ள டிஸ்னி உலகத்தைக் காணச் செல்வோர் முதலில் நாடுவது அங்குள்ள மாய மாளிகையையே. நாம் காட்ட விரும்புவது, அதற்கு அணித்தாகப் பே ஏரியின் தென்கரையிலே, பைன் மரங்களிடையே அமைந்த 'போட் வில்டர்னெஸ்' முகாமை. 1971ஆம் ஆண்டு முதலாகக் குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்கி இளைப்பாறும் இடம் அது.

அதன் அருகே 1976இல் 'றிவர் கன்றி' என்னும் நீர்விளையாட்டுத் தலம் திறக்கப்பட்டது. ஏரி நீரையே வடிகட்டி, மணற்றரையுடைய தடாகமாக்கிச் சிறுவரை நீந்தவிட்டனர். நம்மூர்க் குளத்திலே குதித்துப் பழகியோர்க்கு அதன் சுவையைச் சொல்லவும் வேண்டுமோ! 2001இல் அது மூடப்பட்டது. பின்னர் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது.

2018இல் அவ்விடத்தே 900க்கு மேற்பட்ட அறைகளுடன் ஏரிக்கரை விடுதியொன்று எழுமென்றும், 2022இல் திறக்கப்படுமென்றும் அறிவித்தனர். நிலத்தைத் துப்புரவாக்கும் வேலையும் நடந்தது. 2020இல் கொள்ளைநோய் பரவவே யாவும் நின்றன. விடுதி எழுமா, எழுந்தால் முகாமின் அமைதி எஞ்சுமா என்பதை ஆண்டுதோறும் அங்கே வருவோர்க்கு உறுதியாகச் சொல்வாரில்லை.

இப்பொழுது பெயரை மாற்றி, 'லேக்ஷோர் லொட்ஜ்' என 2027இல் திறக்கப்போவதாகச் சொல்லுகின்றனர். அறைகளின் தொகையை விட, கூடாரத்தில் தங்கும் எளிய குடும்பத்துக்கும் அந்த ஏரிக்கரையில் உலாவ வழி விடுவார்களா என்பதையே நாம் அறிய விரும்புகிறோம்.