கடைத் தேங்காய்

எழுத வேண்டும் என்று பல முறை அமர்ந்து, இரண்டு வரிகளோடு எழுந்துவிட்ட செய்தி இது. இன்று எப்படியும் எழுதி முடித்துவிடுவது என்ற முடிவோடு தொடங்குகிறேன்.

பினாங்கில் வாழும் நமக்குத் தேங்காயைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1894ஆம் ஆண்டு நகரத்தார் பெருமக்கள் தருவித்த வெள்ளி இரதம், தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி ஊர்ந்து வரும். 2017ஆம் ஆண்டு முதல் தங்க இரதமும் வலம் வருகிறது. வழிநெடுகிலும் மலைபோல் குவித்து வைக்கப்பட்ட தேங்காய்கள் சிதறும். சீன அன்பர்களும் நமக்கு ஈடாக, சில இடங்களில் நம்மையும் மிஞ்சி உடைப்பார்கள். இவ்வளவு தேங்காய் வீணாக வேண்டுமா என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்பதும் நாம் அறிந்ததே. அந்த விவாதத்திற்குள் நான் இப்போது போகவில்லை. என் கதை வேறொரு தேங்காயைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழமொழி நடத்திக்கொண்டிருந்தேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தாற்போல. பிறர் பொருளைக் கொண்டு தான் புண்ணியம் தேடுவது என்று விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், அது யாரோட தேங்காய்னு பிள்ளையாருக்குத் தெரியாதா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கரும்பலகையின் பக்கம் திரும்பியபோது என் கை சற்று நடுங்கியது. ஏனென்றால் அப்படியொரு தேங்காயை நான் உடைத்திருந்தேன்.

2017ஆம் ஆண்டின் தொடக்கம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சி நூல்கள் வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மொத்தம் 84 மாணவர்கள். ஆளுக்கு ஐந்து நூல்கள், 40 ரிங்கிட். பணம் முழுவதும் வசூலாகி, நூல் விற்பனை முகவரிடம் ஒப்படைத்த அன்று, அவர் ஒரு கடிதவுறையை மேசைமீது வைத்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு கழிவு. 403 ரிங்கிட் 20 காசு. “எல்லாப் பள்ளியிலயும் உள்ள வழக்கம்தான் டீச்சர்” என்றார். நான் வேண்டாம் என்றேன். உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதல் கற்பித்தல் துணைப்பொருளுக்குக்கூட என் சொந்தப் பணத்தைச் செலவழித்தே பழகியவள் நான். அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளையும் அறியாதவள் அல்லள்.

அவர் அனுபவசாலி. என் கண்களைப் பார்த்தபடி, “நீங்க எடுத்துக்க வேணாம் டீச்சர். தைப்பூசம் வருது. தண்ணீர்ப் பந்தல் போடுறீங்கல்ல? முருகனுக்குன்னு வைங்க” என்றார்.

கடிதவுறையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு காசு விடாமல் பந்தலுக்கே கொடுத்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அரிசி, பருப்பு, பனிக்கட்டி, எலுமிச்சை, சர்பத். நண்பர்கள் என்னைப் பாராட்டினார்கள். வெயிலில் வரிசையாக நின்ற பக்தர்களுக்குக் குவளை குவளையாக ஊற்றிக் கொடுத்தபோது என் நெஞ்சு நிறைந்திருந்தது. அப்போது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தாயோடு வந்தான். அந்தத் தாய் உணவகமொன்றில் பாத்திரம் துலக்குபவர். நூல் பணத்தை இரண்டு தவணையாக, ஐந்து ரிங்கிட்டும் ஒரு ரிங்கிட்டும் சில்லறையுமாகக் கட்டியவர். சர்பத்தைக் குடித்துவிட்டு, குவளையைத் தூக்கியெறியாமல் என் கையிலேயே கொடுத்து, “நல்லா இருக்கணும் டீச்சர், உங்களுக்குப் புண்ணியம்” என்று கைகூப்பினார்.

அவர் கட்டிய நாற்பதில் நான்கு ரிங்கிட் எண்பது காசு அந்தச் சர்பத்தில் கரைந்திருந்தது. அவருடைய தேங்காயை நான் உடைத்துவிட்டேன். புண்ணியத்தை மட்டும் என் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறார் அவர்!

பேராசை என்றால் பெட்டி பெட்டியாகப் பணம், பங்களா வீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான்கு ரிங்கிட் எண்பது காசை யாரும் பேராசை என்று சொல்லமாட்டார்கள். எனக்குப் பணத்தின்மீது ஆசை இல்லைதான். கொடையாளி என்ற பெயரின்மீது ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு முருகன் பெயரைப் பூசியவுடன் அது எனக்கே பக்தியாகத் தெரிந்தது.

ஆசிரியர் அறையில் என் அருகில் அமரும் தோழி கிறிஸ்தவர். அவரிடம் மட்டும் சொன்னேன். “நான் ஒரு காசும் எடுக்கவில்லை, எல்லாம் சாமிக்குத்தான் போயிற்று” என்று முடித்தேன். அவர் சற்று நேரம் குறிப்பேடு திருத்திக்கொண்டே இருந்துவிட்டு, சவுல் அரசனின் கதையைச் சொன்னார். அமலேக்கியரின் எதையும் மிச்சம் வைக்காதே என்பது கட்டளை. சவுல் கொழுத்த ஆடு மாடுகளை விட்டுவைத்தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து நின்றபோது ஆடுகளின் சத்தம் கேட்கிறது. என்ன இது என்று கேட்டால், கடவுளுக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்கிறான். அந்தச் சமாதானத்தைச் சாமுவேல் ஏற்கவில்லை. கீழ்ப்படிவதுதான் பலியைவிடப் பெரிது என்றார். சவுலின் ஆட்சி அவன் கையைவிட்டுப் போயிற்று. அந்தக் கட்டளையின் கொடுமையைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு, அவருக்கும் உண்டாம். ஆனால் அந்த ஆட்டுச் சத்தம் மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை.

நம் பெரியபுராணத்திலும் இதற்கு நெருங்கிய கதை ஒன்றுண்டு. கோட்புலி நாயனார் சிவபெருமானின் அமுதுக்காக நெல்லைச் சேமித்து வைத்துவிட்டுப் போருக்குப் போகிறார். ஊரில் பஞ்சம் வருகிறது. உறவினர்கள், இப்போது உண்டுவிட்டுப் பிறகு கொடுத்துவிடலாம் என்று அந்நெல்லை எடுத்துவிடுகிறார்கள். திரும்பி வந்த நாயனார் பச்சிளங்குழந்தை உட்பட அனைவரையும் வெட்டுகிறார். இக்கதையை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பசித்தவன் உண்டது பேராசையாகாது என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்தப் ‘பிறகு கொடுத்துவிடலாம்’ இருக்கிறதே, அது எனக்குப் பழக்கமான குரல்.

என் அப்பாவின் குரல் அது. செபராங் பிறைத் தோட்டத்தில் எனக்கு ஒன்பது வயது இருக்கும். கடும் காய்ச்சல் கண்டு தேறியதும், அம்மா ஐந்து ரிங்கிட்டை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைத்தார். தைப்பூசத்திற்கு இன்னும் இரண்டு மாதம். மாதக் கடைசியில் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. “எடுத்துக்க, சம்பளம் போட்டதும் வெச்சிரலாம். முருகன் என்ன கணக்கா பார்க்கப் போறாரு?” என்றார் அப்பா. அம்மா பதில் பேசாமல் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் இரண்டு டின் அரிசி கைமாற்றாக வாங்கி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என் அம்மா. அந்த முடிச்சை அவர் கடைசி வரை அவிழ்க்கவில்லை. தண்ணீர்மலை உண்டியலில் முடிச்சோடு போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எல்லாரும் என் அம்மாவைப் போல இருந்திருந்தால் நீரிணைக் குடியேற்ற அரசு 1905ஆம் ஆண்டு முகமதிய, இந்து அறநிலையச் சட்டத்தை இயற்ற வேண்டிய தேவையே இருந்திருக்காது. வக்ஃபு நிலமும் கோயில் சொத்தும் கொடுத்தவர் எண்ணப்படி செலவாகவில்லை என்ற முறையீடுகளால்தான் பொதுவான ஒரு வாரியம் வந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. சிவன் சொத்து குலநாசம் என்று அச்சுறுத்திப் பார்த்தும் போதாமல், வெள்ளைக்காரன் தணிக்கைக் கணக்கோடு வர வேண்டியிருந்தது. அன்று தவறியவர்களும் நாத்திகர்கள் அல்லர். தாமும் சாமிக்காகத்தான் செய்கிறோம் என்றே பலர் நம்பியிருப்பார்கள் என நினைக்கிறேன்.

மறு ஆண்டு முகவரிடம் கழிவை நூல் விலையிலேயே குறைக்கச் சொன்னேன். முகம் சுளித்தாலும் குறைத்தார். அதோடு என் சம்பளத்திலிருந்து 403 ரிங்கிட் எடுத்து, அதையும் அவ்வாண்டு மாணவர்களின் நூல் விலையில் கழித்தேன். பெற்றோர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ‘சிறப்புக் கழிவு’ என்று எழுதினேன். கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக உறங்கினேன். அந்த ஆண்டு பந்தலில் நீர்மோர் மட்டும்தான். நண்பர்களுக்கு வருத்தம், இன்றும் ஒருவர் என்னோடு முன்போல் பேசுவதில்லை.

ஆனால் கணக்கு முடியவில்லை. 2017இல் ஆறாம் ஆண்டில் இருந்த 38 மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய 182 ரிங்கிட் 40 காசு அவர்களுக்குத் திரும்பவே இல்லை. அந்தத் தாயின் மகனும் அவர்களில் ஒருவன். ‘சிறப்புக் கழிவு’ என்பதும் பொய்தான். அழகான, பாராட்டு வாங்கித் தந்த பொய். தவற்றைத் திருத்தும்போதும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே திருத்தியிருக்கிறேன்! இதை நானாக உணரவில்லை. பிள்ளையாருக்குத் தெரியாதா என்று அந்த மாணவன் கேட்டபோதுதான் உறைத்தது. அப்படியும் செயலில் இறங்க இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

இவ்வாண்டு முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனைத்தையும் தெரிவித்தேன். அவர் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்பதாகவும் எழுதிக் கொடுத்தேன். பிறகு பழைய பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தேடத் தொடங்கினேன். சில தொலைபேசி எண்கள் செயலற்றுவிட்டன. சிலர் வீடு மாறிவிட்டார்கள். ஒரு தந்தை கோபப்பட்டார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை.

அந்தத் தாய் அதே அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறார். மகன் இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “சாமிக்குத்தானே டீச்சர் குடுத்தீங்க, விடுங்க” என்றார். என்னை நானே ஏமாற்றிய அதே சொற்கள்! அவர் வாயிலிருந்து மன்னிப்பாக வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வற்புறுத்தியதும் நான்கு ரிங்கிட் எண்பது காசை வாங்கி எண்ணிப் பார்த்தார். காப்பி கலக்கட்டுமா என்று கேட்டார்.

இதுவரை 23 குடும்பங்களைச் சந்தித்துவிட்டேன். இன்னும் 15 இருக்கின்றன. அந்த ஆண்டுப் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயரெழுதிய கடிதவுறை பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. வேலை நாள்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். என்னிடம் நேரில் கேட்க வேண்டியது எதுவும் இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். வகுப்பு முடிந்து, ஆசிரியர் அறையில்தான் இருப்பேன்.